கன்றுத்தோல் கட்டு

“மூணு விரல் அகலம்தான்டி! மூணே விரல்! அதுக்கா இந்தக் கூப்பாடு?”

“மூணு விரலா? எங்கம்மா ஒரு பனிக்காலம் முழுக்க ஊசி குத்திக் குத்தி விரல் வெடிச்சுத் தைச்ச கம்பளம். கொம்புப் பூக்கோலத்துல பாதியக் காணோம்!”

“குழலுக்கும் கட்டைக்கும் நடுவுல மெத்துனு எதையாச்சும் வைக்கணும். சந்தைக் கம்பளி நசுங்கிப் போகுது. ஒங்கம்மா கைவேலதான் கெட்டி. அதுக்குப் பெருமைப்படுவியா…”

“பெருமையா? பொண்டாட்டி கொண்டுவந்த சீதனத்த அறுத்துத் துப்பாக்கிக்குக் கோவணம் கட்டுறே. அதுக்கு நான் பெருமைப்படணுமாக்கும்!”

இந்த இடத்தில் குதிரைப்பால் கடைந்துகொண்டிருந்த நான் மத்தை நிறுத்திவிட்டேன். பதினொரு வருஷமாகப் பக்கத்து வீடு. புருல் தன் புருஷனை ‘நீங்க’ என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைத்துக் கேட்டதில்லை. ‘கட்டுறே’ என்று வந்துவிட்டால் அடுத்து அடிதான். வேலியோரம் காயப்போட்டிருந்த வறட்டிகளைத் திருப்பிப் போட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வேலி இடுக்கில் எல்லாம் தெரிந்தது. ஜூமாதில் அடுப்படியில் துப்பாக்கியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். கட்டை ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம், நடுவில் புருலின் அம்மா சைரா அக்கா மகளுக்குத் தைத்துக் கொடுத்த சிவப்புக் கம்பளத்தின் துண்டு.

“நமக்கு ஒரு பிள்ள பொறந்திருந்தாக்கூட இப்படிப் பஞ்சு வச்சுப் படுக்கப் போட்டிருக்க மாட்டே,” என்றாள் புருல்.

“பொறந்திருந்தா பாத்திருப்போம். பெத்தியா நீ?”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. புருல் குனிந்தாள், கட்டையை இரண்டு கையாலும் தூக்கினாள், இரும்பு அடுப்பின் விளிம்பில் ஓங்கி அடித்தாள். காய்ந்த எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. ஜூமாதில் ஆணியில் தொங்கிய குதிரைச் சவுக்கை எடுத்தான். கைப்பிடிப் பக்கத்தால் அடித்தான். மூன்றாவது அடியில் அவள் கன்னம் பிளந்தது. நான் உப்புக் கேட்கிற சாக்கில் உள்ளே ஓடினேன். கையில் கிண்ணம்கூட எடுத்துப் போகவில்லை.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் ஜூமாதிலைப் பற்றிச் சொல்ல முடியாது. ருஷ்யர்கள் பெரிய போருக்கு முன்னால் செய்தது. போர் முடிந்து நாற்பது வருஷம் ஏதோ கிடங்கில் மசகுக்குள் கிடந்து, பிறகு ஓநாய் வேட்டைக்காரர்களுக்கென்று கூட்டுப்பண்ணைக்கு வந்து சேர்ந்தது. பண்ணை கலைந்தபோது ஒருவன் டிராக்டரை எடுத்தான், ஒருவன் கூரைத் தகரத்தை எடுத்தான், ஜூமாதில் துப்பாக்கியை எடுத்தான். நூறு அடியில் மாடு நின்றால் மாட்டுக்குப் பக்கத்திலிருக்கிற மலையில் படும், அப்படிப்பட்ட துப்பாக்கி.

ஏழு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினான். சிப்பாய்கள் வாய்ப்பக்கமிருந்து துடைக்கிற கம்பி விட்டுக் குடைந்து குடைந்து குழலின் வாய் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த நுனியை அரம் போட்டுச் சமமாக்கினான். விசையை உப்புத்தாளில் தேய்த்தான். தோட்டாவிலும் ஒரே எண் போட்ட பெட்டிகளை மட்டும்தான் தொடுவான். வேறு பெட்டியை ஓசியில் கொடுத்தாலும் வாங்க மாட்டான். குழல் எங்கேயும் மரத்தில் உரசக் கூடாது, உரசினால் சூடேறச் சூடேறக் குண்டு அலையும் என்பான். அதற்குத்தான் கம்பளி. கடைசியில் இருநூறு அடியில் முட்டையை உடைத்தான். புருல் அவனிடமிருந்து முட்டைக்கூடையை ஒளித்து வைக்கிற அளவுக்கு உடைத்தான்.

அந்த வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புருலின் பிறந்த வீடு. அக்மத் பெரியவரும் சைரா அக்காவும், மகன்கள் எசெனும் தாலாயும், எசென் பெண்டாட்டி நாசிபாவும். எட்டிப் பார்க்கிற தூரத்தில் பெண் கொடுத்தால் கன்னத்துக் காயத்தை எத்தனை நாள் முக்காட்டுக்குள் மறைப்பது? மறுநாளே எசென் பார்த்துவிட்டான். தண்ணீர் மொள்ள வந்தவளின் முக்காட்டை விலக்கினான், வாளியை வாங்கிக் கீழே வைத்தான், நேரே மாவு மில்லுக்குப் போனான். ஜூமாதில் அங்கே கோதுமை அரைக்க வரிசையில் நின்றான்.

“வாங்க மச்சான்,” என்றான் ஜூமாதில், ஒன்றும் நடக்காதது போல.

எசென் தலையால் முட்டினான். மூக்கு உடைந்தது. மாவு மூட்டை மேல் விழுந்தவனைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு, சவுக்கைத் திருப்பிப் பிடித்து, “இந்தப் பக்கத்தாலதானே அடிச்சே? இந்தப் பக்கத்தாலதானே?” என்று கேட்டுக் கேட்டு அடித்தான். வெள்ளை மாவும் சிவப்பு ரத்தமும் சேர்ந்து ஜூமாதில் முகம் கல்யாணப் பலகாரம் மாதிரி இருந்தது என்று மில்காரன் பெண்டாட்டி சொன்னாள். அவளுக்கு நாக்கில் விஷம்.

ஜூமாதில் எழுந்திருக்க முடியாமல் தரையிலிருந்தே கத்தினான். வரிசையில் நின்ற பதினாறு பேரும் கேட்டார்கள்.

“எசென்! ஒன்னத் தேடி நான் கிட்டக்கூட வர மாட்டேன்டா. இருநூறு அடியிலிருந்து, எந்தக் காதுன்னு நீயே சொல்லு, அந்தக் காதுல வைக்கிறேன்!”

“ரெண்டுலயும் வையி. நான் ஆடாம நிக்கிறேன்,” என்றான் எசென். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அந்தச் சிரிப்பை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஜூமாதில் சொன்னதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. மேய்ச்சல் மலையிலிருந்து ஆடுகளை இறக்குகிற பருவத்தில் எட்டு நாள் விடாத மழை. புருஷன் படுக்கையில் மூக்கு வீங்கிக் கிடக்கிறான், அண்ணன் அடித்ததை ஊரே பேசுகிறது. புருலுக்கு இரண்டு பக்கமும் வெட்கம். அவனுக்கு இறைச்சிச் சாறு வைத்து ஊட்டினாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

“மதினி, ஒங்க செத்த கன்னுக்குட்டித் தோல் இருக்குல்ல? ஒரு வார் அறுத்துக் குடுங்க.”

“என்னத்துக்கு?”

“அவர் துப்பாக்கிக் கட்டை நீளவாக்குல பிளந்து போச்சு. சுத்திக் கட்டிட்டா நிக்கும். எழுந்ததும் அதப் பாத்தார்னா கொஞ்சம் முகம் மாறும்.”

எங்கள் ஊரில் எது உடைந்தாலும் பச்சைத் தோல்தான். சேணமோ கோடாரிக் காம்போ கூடாரக் கழியோ, ஈரத்தோலை இழுத்துச் சுற்றி விட்டால் காயக் காய இரும்பாக இறுகும். புருல் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, குழலும் கட்டையும் சேர்த்து, பத்துச் சுற்று, பல்லால் இழுத்துக் கட்டினாள். நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன். இதை இந்த ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் ஜூமாதில் எழுந்தான். தோல் கட்டைப் பார்த்தான், தடவினான், முகம் மாறாமல் தூறலிலேயே வெளியே போனான். மூன்று வெடிச்சத்தம் கேட்டது. திரும்பி வந்தவன் வேலி வழியாக என்னையே கூப்பிட்டான். அவன் என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“ராக்கியா மதினி! மூணும் ஒரு தேநீர்க் கிண்ணத்துக்குள்ள! முன்னக்காட்டியும் நல்லாச் சுடுது! ஒடைச்சவளே சரி பண்ணிட்டா!”

“அப்ப இன்னொரு தடவ ஒடைக்கச் சொல்லேன்,” என்றேன்.

அவன் சிரித்தான். உள்ளே புருலும் சிரித்தது கேட்டது. அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

மழை விட்டதும் காற்று திரும்பியது. தெற்கு மலைக் கணவாயிலிருந்து வருகிற வறட்டுக் காற்று. இரண்டே நாளில் சேறு ஓடாக வெடித்தது, உதடு வெடித்தது, குதிரையைத் தடவினால் கையில் பொறி தட்டியது. மூன்றாம் நாள் விடிகாலையில் அக்மத் பெரியவர் பட்டியில் ஓநாய்கள். பதினான்கு ஆடுகள். தின்றது ஒன்றோ இரண்டோதான், மற்றதெல்லாம் தொண்டையைக் கிழித்துப் போட்டது. சினையாட்டின் வயிற்றிலிருந்து குட்டி வெளியே கிடந்தது. சைரா அக்கா அதைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு தெருத்தெருவாக வந்தாள்.

ஓநாய் வந்தால் ஊர்ப்பகை அன்றைக்கு விடுமுறை. அதுதான் வழக்கம். எசெனே வாய்க்காலைத் தாண்டி வந்து, குதிரையிலிருந்து இறங்காமல் சொன்னான்: “மச்சான், ஒங்க கையும் ஒங்க துப்பாக்கியும் வேணும்.” ஜூமாதில் சேணம் போட்டான்.

வேட்டையில் நான் இல்லை. ஆனால் அங்கே இருந்த ஒன்பது பேரும் என் வீட்டில் தேநீர் குடிக்கிறவர்கள். ஓடைப் பள்ளத்தின் வாயில் ஜூமாதில் பாறைமேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்திருந்தான். வெயில் அடித்தது. மற்றவர்கள் மேலிருந்து கூச்சல் போட்டு ஓநாயை இறக்கினார்கள். பெண் ஓநாய், பெரியது. எசென் அதைத் தனியாகத் துரத்திக்கொண்டு வந்தான். கையில் தடி. குதிரை ஓநாயின் இடப்பக்கம் ஒட்டிவிட்டது. எசென் சேணத்திலிருந்து சரிந்து தடியை ஓங்கினான். மனிதனுக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு கை நீளம்தான்.

யாரும் சுட மாட்டார்கள். ஜூமாதில் சுட்டான்.

குண்டு எசெனின் கழுத்துக்குக் கீழே போய் முதுகில் பெரிதாகத் திறந்துகொண்டு வந்தது. அவன் முழுக்க விழவில்லை. கால் சேணத்து வளையத்தில் மாட்டிக்கொண்டதால் குதிரை அவனை ஓடைக்கல்லில் நூறடி இழுத்துப்போனது. தாலாய் போய்ப் பிடித்தபோது அண்ணன் வாயில் ரத்தம் நுரைத்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தானாம். ஓநாய் தப்பித்துப் போய்விட்டது.

ஜூமாதில் பாறைமேலிருந்து எழுந்து, துப்பாக்கியை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தான். “நான் ஓநாயத்தான் பாத்தேன், தோள்பட்டையத்தான் பாத்தேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தாலாய் கத்தியை உருவினான். நான்கு பேர் பிடித்தார்கள்.

மாவட்டத்திலிருந்து விசாரணைக்காரர் வந்தார். ஏழாம் நாள் வருகிறேன், செத்தவன் குடும்பம் வழக்கில்லை என்று எழுதிக் கொடுத்தால் விபத்து, இல்லையென்றால் கொலை என்று சொன்னார். அதுவரை ஜூமாதில் ஊர்க்காவலில் இருக்கட்டும், துப்பாக்கி பள்ளிக்கூடத்தில் பட்டாளப் பாடம் நடத்தும் இமாஷ் வாத்தியாரின் கொட்டகையில் இருக்கட்டும் என்றார். அந்தக் கொட்டகைக் கூரை ஒழுகும். அன்றைக்கே வானம் திரும்பவும் மூடிக்கொண்டது.

மூன்றாம் நாள் புருல் என் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் சாவுக்கு வழக்கப்படி கன்னத்தைக் கீறிக்கொண்டதில் பழைய காயமும் திறந்திருந்தது.

“மதினி, அந்தத் தோல் மிச்சம் இருக்கா?”

கொடுத்தேன். என் அடுப்புக் குத்துக்கம்பியோடு ஒரு மெல்லிய மரச்சட்டத்தைச் சேர்த்து வைத்து, தோலை நனைத்துச் சுற்றினாள். அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. தோல் காய்ந்தது. சட்டம் முனகியது. கம்பியின் நுனி மெதுவாக, யாரோ தலையைத் திருப்புவது போல, ஒரு பக்கமாகத் திரும்பியது.

தோல் காய்ந்தால் இறுகும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் துப்பாக்கி இரும்பல்லவா? இரும்பைத் தோல் அசைக்கும் என்று யாருக்குத் தோன்றும்? மழையில் குறி பார்த்தவனுக்கும் தோன்றவில்லை.

“சொல்லிட்டேன்னா அவர் பொழைப்பார்,” என்றாள். “ஆனா எங்கம்மாவுக்கு மூத்த மகனும் இல்ல, மகளும் இல்லேன்னு ஆயிரும்.”

“சொல்லலேன்னா?”

“வெளிய விட்டா தாலாய் கொல்லுவான். ஜெயிலுக்குப் போனா ஜெயிலு கொல்லும்.”

“இரு. பெரியவங்க எதாச்சும் முடிவு பண்ணுவாங்க. நாம ஏன் வாயக் குடுக்கணும்?” என்றேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே வாரம் அது. நல்லதுக்கு இல்லை.

ஏழாம் நாள் எசெனுக்காக வெட்டிய குதிரையின் இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே பெரியவர்கள் ஆட்டுப்பட்டிச் சுவருக்கு எதிரே கூடினார்கள். பனியும் மழையுமாகத் தூவிக்கொண்டிருந்தது. அக்மத் பெரியவர் பேசினார்.

“முட்டைய ஒடைக்கிறவன் ஒரு ஓநாயத் தவறவிட்டான்னு சொல்றான். கேக்குறேன், நம்புற மாதிரி இருக்கா? மில்லு வாசல்ல சொன்னானா இல்லியா?”

“சொன்னான்,” என்றார்கள்.

“சொன்னேன், மாமா,” என்றான் ஜூமாதில். “சொன்னேன், கோபத்துல. ஆனா நான் ஓநாயத்தான்…”

“ஒரு முழம் தள்ளி மனுஷன் இருக்கும்போது எவனாச்சும் விசைய இழுப்பானாடா?”

“எனக்கு ஒரு முழம் போதும், மாமா. நம்பிக்கையாத்தான் சுட்டேன்.”

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். இமாஷ் வாத்தியார் எழுந்தார். “நான் சுடுறேன். எனக்கு யாரோடயும் பகையில்ல. துப்பாக்கி கோணலா இருந்தா இவன் சொல்றது நெஜம். நேரா இருந்தா இவன் கொலகாரன். சம்மதமா?” எல்லோரும் தலையாட்டினார்கள். ஜூமாதிலும் ஆட்டினான். சுவரில் கரியால் ஓநாய் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார்கள். வாத்தியார் இருநூறடி எண்ணி நடந்து, சேற்றில் படுத்து, ஈரம் சொட்டுகிற துப்பாக்கியால் மூன்று தடவை சுட்டார்.

மூன்றும் வட்டத்தின் நடுவில். உள்ளங்கையால் மூடிவிடலாம்.

அப்போது ஜூமாதில் சிரித்தான். நான் பார்த்தேன். தன் தலை போகிறது என்று தெரிந்தும், அந்த மூன்று ஓட்டைகளையும் பார்த்ததும் ஏழு வருஷத்து உழைப்பு முகத்தில் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தாலாயும் பார்த்துவிட்டான்.

அதற்கப்புறம் நடந்ததை மெல்லச் சொல்ல முடியாது. தாலாய் முதலில் பாய்ந்தான், பிறகு சித்தப்பன் மகன்கள், பிறகு எசெனைப் பிடிக்காதவர்கள்கூட. உதை ஈர மூட்டையில் விழுகிற மாதிரி விழுந்தது. பல் தெறித்தது. ஒருவன் குதிரைக்குக் கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அக்மத் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புருல் இறைச்சிக் கொப்பரையிலிருந்து ஓடிவந்தாள், கையில் கரண்டியோடு. ஆண்கள் கூட்டத்துக்குள் எங்கள் ஊரில் பெண்கள் போவதில்லை. அவள் போனாள். வாத்தியார் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினாள்.

“அப்பா! இது நனைஞ்சிருக்கு! நனைஞ்சா நேராச் சுடும். காய வச்சுச் சுடுங்க!”

“போடி அந்தப் பக்கம்,” என்றான் தாலாய்.

“கட்டைய ஒடைச்சது நான். தோலக் கட்டினது நான். மழையிலதான் அவர் குறி பாத்தார். அன்னிக்கு வெயிலு. தோலு காஞ்சு குழல இழுத்துருச்சு. காய வச்சுச் சுடுங்கப்பா. கோணலாப் போகலேன்னா அப்புறம் அந்தக் கயித்துல ரெண்டு பேரையும் கட்டுங்க.”

“எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?” பெரியவர் கேட்டார்.

“மூணாம் நாள்லேர்ந்து.”

என் வீட்டு அடுப்புதான் பக்கத்தில் இருந்தது. துப்பாக்கியை அதன் எதிரில் சாய்த்து வைத்தார்கள். மூன்று மணி நேரம். ஊரே என் வீட்டைச் சுற்றி நின்றது. சாவு வீட்டுச் சோறு என்பதால் பொரித்த ரொட்டியும் தேநீரும் வந்துகொண்டிருந்தன. அடித்தவர்கள் குடித்தார்கள். அடிபட்டவன் மாட்டுக்கொட்டகையில் வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ அவனுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். தோல் வெளுத்தது, விறைத்தது, ஒருமுறை டொக்கென்று சத்தம் போட்டது. வாசலில் நின்ற சைரா அக்கா அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டாள்.

வாத்தியார் அதே இடத்தில் படுத்தார். அதே வட்டம். சுட்டார்.

வட்டத்துக்கு வலப்பக்கம், ஒரு கை நீளம் தள்ளி, சுவரில் மண் தெறித்தது. குதிரையிலிருந்து ஒருவன் சரிந்து தடியை ஓங்கினால் அவன் கழுத்து எங்கே இருக்குமோ அங்கே. இன்னொன்று சுட்டார். அங்கேயேதான்.

வாத்தியார் சேற்றிலிருந்து எழுந்தார்.

“எழுதிக்கோ, வாத்தியார்,” என்றார் அக்மத் பெரியவர். “எங்களுக்கு வழக்கில்ல. விபத்து.” பிறகு மகளைப் பார்க்காமல், மற்ற பெரியவர்களைப் பார்த்துச் சொன்னார்: “எசெனுக்குத் தங்கச்சி கெடையாது. எனக்குப் பொறந்தது ரெண்டே ஆம்பளப் பிள்ளைங்க.”

தாலாயின் சவுக்கு அக்காளின் முதுகில் இறங்கியது. அவள் நகரவில்லை. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது ஓங்கும்போது பெரியவர் கையைப் பிடித்தார். “அவ யாரு ஒனக்கு? அந்நியப் பொம்பளயத் தொடாதே,” என்றார். சவுக்கடியைவிட அதுதான் அவளை மடக்கி உட்கார வைத்தது. புருல் தாயைப் பார்த்தாள். சைரா அக்கா முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கொப்பரை வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.

ஜூமாதிலை வண்டியில் ஏற்றினோம். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். உடைந்த பல்லுக்கிடையே ஏதோ சொன்னான். பெண்டாட்டியைக் கேட்கிறான் என்று குனிந்தேன்.

“வாத்தியார்ட்ட கேளுங்க மதினி… ஈரத்துல சுட்டது… மூணும் உள்ளங்கைக்குள்ளதானே?”

“வாய மூடுடா பாவி,” என்றேன்.

துப்பாக்கியை விசாரணைக்காரர் எடுத்துப் போனார். ஒரு வருஷம் கழித்து, வழக்கப்படி, எசென் பெண்டாட்டி நாசிபாவைத் தாலாய்க்கே கட்டி வைத்தார்கள். இப்போது இரண்டு பையன்கள். மூத்தவனுக்கு எசென் என்று பெயர். தாலாய் குடிப்பதை விட்டுவிட்டான், பெண்டாட்டியை அடிப்பதும் இல்லை. இமாஷ் வாத்தியார் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் தலைநகரத்துக்குக் குடிபோய் ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கிறார்.

ஜூமாதில் அடுத்த வசந்தத்திலேயே ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். போகிற வரைக்கும் பெண்டாட்டியோடு சரியாகப் பேசவில்லை. உயிரைக் காப்பாற்றினாள், சரி. ஆனால் ஜூமாதில் குறி தப்பினான் என்று ஊர் முழுக்க நிரூபித்தும் விட்டாள், அது அவனுக்குப் பொறுக்கவில்லை. அங்கே ஒரு விதவையைக் கட்டிக்கொண்டானாம், மாடி வீடாம். திருவிழாக் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு அவளுக்குப் பொம்மை பொம்மையாக ஜெயித்துக் கொடுக்கிறானாம். அங்கிருந்து வந்த மில்காரன் மகன் சொன்னான்.

புருல் மட்டும் எங்கேயும் போகவில்லை. புருஷன் விட்டுப் போனவள் பிறந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அறுபது அடியில் இருக்கிறது.